பிரேக் அக்கா தனியாக தீம் பார்க் போன கதை

டிரைவிங் ஸ்கூலில் நேருக்கு நேர் அவளை "மேடம்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "பிரேக் அக்கா". கற்றுக்கொள்ள யார் வந்தாலும் முதல் நாள் அவள் காட்டுவது ஸ்டியரிங்கையோ கியரையோ அல்ல, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கைத்தான்.

"இது என்னோடது. இதை நான் மிதிச்சேன்னா உங்களுக்கு ஓட்ட வரலைன்னு அர்த்தம். இன்னைக்கு எத்தனை தடவை மிதிக்கப் போறேன்னு நீங்களே பாருங்க" என்பாள். அதைக் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, ஆக்சிலரேட்டர் எது என்று மறந்துவிடும்.

மனுஷ ஜாதியைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை அவள் பார்த்ததெல்லாம் மனுஷர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் லட்சணத்தைத்தான். ஒரு கல்லூரிப் பேராசிரியர், எதிரே லாரி வந்ததும் இரண்டு கையையும் எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வண்டி பாட்டுக்கு லாரியை நோக்கிப் போனது. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்: "சார், முகத்தை மூடிட்டா லாரி போயிடுமா?" கல்யாணம் நிச்சயமான ஒரு பையன், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் திரும்பாமல் கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். யாரும் தான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. ரோடு சரியில்லை, செருப்பு வழுக்கிவிட்டது, நாய் முறைத்தது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஓட்டத் தெரியாதவனுக்கு ஊரே கோணல்" என்று வீட்டில் வந்து சொல்வாள்.

அதைக் கேட்பதற்கு வீட்டில் இருந்த ஒரே ஆள் அவள் கணவர். மருந்துக் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவர். சாதுவான மனிதர். லிஃப்டில் ஏறினால்கூட கண்ணை மூடிக்கொள்வார். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். உண்மையில் அக்கா இந்தத் தொழிலுக்கு வந்ததே கணவரால்தான். கல்யாணமான புதிதில் அவர் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கினாரே தவிர, ஸ்டியரிங்கைத் தொட்டதும் அவருடைய முழங்கால் தனியாக ஆட ஆரம்பித்தது. கார் வாசலில் நின்று தூசி பிடித்தது. சகிக்காமல் அவளே இந்த டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுக்க வந்தவர் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். பக்கத்தில் ஒருவர் குறட்டை விட, அவள் நகரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஸ்கூல் முதலாளி அதைப் பார்த்தார். பெண்கள் நிறையப் பேர் பெண் டீச்சர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த சமயம். "தூங்குறவரை அனுப்பிடறேன், நீங்க வந்துடுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து இருக்கைதான் அவள் இருக்கை.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தம்பி. வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். ஏ.சி. கம்பெனியில் விற்பனைப் பிரிவு. பேச்சுத்தான் அவன் முதலீடு. கோடை விடுமுறையில் சின்னவன் குடும்பத்தோடு தீம் பார்க் போனபோது அக்காவையும் கூட்டிக்கொண்டு போனான். எதற்கு என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வரிசையில் நிற்க, செருப்பு, தண்ணீர் பாட்டில், ஈரத் துண்டு, போன், மூக்குக்கண்ணாடி எல்லாம் அக்கா மடிக்கு வந்து சேர்ந்தன. நாள் முழுக்கக் குடை நிழலில் ஒரு பெஞ்சில், கிளியரன்ஸ் சேல் கடை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சின்னவன் இறங்கி வந்து, "உயிர் போயி உயிர் வந்துச்சுக்கா. அதுக்கெல்லாம் ஒரு தில்லு வேணும்" என்றான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதைதான். அவன் சொல்லச் சொல்ல அந்த ரோலர் கோஸ்டர் வளர்ந்துகொண்டே போனது. முதலில் நாலு மாடி உயரம் இருந்தது. பிறகு எட்டு மாடி. இன்னும் இரண்டு விருந்து கழிந்தால் மேகத்தில் முட்டும். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அக்காவுக்கு இதெல்லாம் ஒத்துவராது. அக்கா கீழ இருக்குற ஆளு. பாதுகாப்பா இருக்கும்."

அக்கா தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். "பாதுகாப்பா" என்ற வார்த்தை மட்டும் முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது. தினமும் முன்பின் தெரியாதவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்காருகிறவள் அவள். தண்டவாளத்தில் கட்டிப்போட்டு இழுத்துப் போனதற்கு இவன் மார்தட்டுகிறான்.

இது நடந்து கொஞ்ச நாளில் ஒரு வங்கி மேலாளர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்து, மூடியிருந்த ஒரு கடையின் ஷட்டரில் ஸ்கூல் காரைச் செருகினார். அக்கா தன் பிரேக்கை மிதித்ததால் ஷட்டரோடு போயிற்று, இல்லாவிட்டால் கடைக்குள்ளேயே போயிருப்பார்கள். யாருக்கும் அடியில்லை. கார் மட்டும் ஒர்க் ஷாப்புக்குப் போனது. "வண்டி வர்ற வரைக்கும் வீட்ல ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றார் முதலாளி.

ரெஸ்ட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. முதல் நாள் சமையலறை அலமாரிகளைத் துடைத்தாள். மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும், துடைத்த அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வண்டி ஓட்டப் போகும்போது போடும் பேண்ட்டையும் மூடின ஷூவையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்: "எத்தனை பேரும்மா?"

"ஒருத்தர்."

"பெரியவங்க எத்தனை, குழந்தைங்க எத்தனை?"

"ஒருத்தர்ல எத்தனை பிரிக்க முடியும்?"

அந்தப் பெண் அவளுக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கையில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அனுப்பினாள். உள்ளே நுழைந்ததும் பெரிய பலகை. 'பயத்தை வெல்லுங்கள்' என்று மேலே எழுதி, அதற்குக் கீழேயே முதுகுவலிக்காரர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாரும் ஏறக் கூடாது என்று போட்டிருந்தார்கள். நல்ல கதை என்று நினைத்தாள். பயப்படக் காரணம் இருக்கிறவர்களை எல்லாம் வாசலிலேயே வடிகட்டிவிட்டு, மிச்சம் இருப்பவர்களைப் பயத்தை வெல்லச் சொல்கிறார்கள்.

நேரே ரோலர் கோஸ்டருக்குப் போனாள். வளைந்து வளைந்து போகும் வரிசை. முன்னால் நின்ற ஒரு ஜோடி, ஏறும் முன்பே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பயந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் நடுக்கமும் பையனின் ஆறுதலும் ரொம்பப் பொருத்தமாக, ஒத்திகை பார்த்த மாதிரி இருந்தன. மேலேயிருந்து ஒரு ஊழியர் குரல் கொடுத்தார்: "தனியா வந்தவங்க யாராவது இருக்கீங்களா? ஒரு சீட்டு காலி." அக்கா கையைத் தூக்கினாள். ஜோடியும் குடும்பங்களும் வழிவிட, எல்லோரையும் தாண்டிக்கொண்டு போய் ஏறினாள். தனியாக வந்ததில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அன்று காலை முழுக்க அந்தக் குரல் அவளை வரிசையில் நிற்க விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

வண்டி கிளம்பும் முன்பே பின் சீட்டில் ஒரு பெண் கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் கிளம்பவே இல்லம்மா" என்றாள் அக்கா திரும்பி.

"தெரியும் ஆன்ட்டி. வார்ம் அப்" என்றாள் அவள்.

வண்டி மெதுவாக மேலே ஏறியது. உச்சியில் ஒரு விநாடி நின்றது. பிறகு விழுந்தது. வயிறு தொண்டைக்கு வந்தது உண்மை. அதை அக்கா மறுக்கவில்லை. ஆனால் வயிறு மேலே வருவது வேறு, பயம் வேறு. முதல் வளைவில் அவள் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. அடுத்த வளைவிலும் மிதித்தது. தலைகீழாகச் சுழன்றபோதும் அவள் கால் பிரேக்கைத்தான் தேடியது. சுற்றி முப்பது பேர் அலற, அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது தொடை வலித்தது. வேலை செய்த வலி. சம்பளம் மட்டும் இல்லை.

பக்கத்தில் இருந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு, "எப்படிங்க கத்தாம இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"இதுல கத்த என்ன இருக்கு? டிரைவரும் கிடையாது, எதிர்ல வர்றவனும் கிடையாது. எனக்கு தினம் இதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. நீங்க எல்லாம் காசு குடுத்துட்டுக் கத்துறீங்க."

அந்த அம்மாள் நகர்ந்து போனாள்.

அடுத்து ஆடும் கப்பல். அது வீட்டு ஊஞ்சல்தான், ஆணவம் பிடித்த ஊஞ்சல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினாள். பேய் வீட்டில் இருட்டில் ஒரு பிளாஸ்டிக் கை வந்து அவள் தோளைத் தொட்டது. அதில் தூசி அடைந்திருந்தது. வெளியே வந்து முதல் காரியமாகத் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தண்ணீரில் சரிந்து விழும் படகில் முன் சீட்டில் உட்கார வைத்து நனைத்துவிட்டார்கள். நனைந்தவர்கள் எல்லாம் ஏதோ சாதித்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மழையில் குடை மறந்து வந்தால் இதே ஆட்கள் ஊரையே சபிப்பார்கள்.

பிறகு உயரமான டவர். சுற்றிலும் சீட்டு. உச்சிக்குக் கொண்டுபோய்த் தொப்பென்று விடுவார்கள். வழக்கம்போலக் குரல் வந்தது, வழக்கம்போல அக்கா போனாள். அந்தச் சீட்டு, மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒரு பருத்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்தது. 'ஒரே அணி ஒரே இலக்கு' என்று நெஞ்சில் எழுதியிருந்தது. ஏதோ ஆபீஸிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள். இவர் அவர்களுக்கு மேனேஜர் என்பது, கீழே நின்ற மஞ்சள் சட்டைகள் "சார், சார்" என்று கை தட்டியதிலேயே தெரிந்தது.

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தனியாவா வந்தீங்க?"

"ஆமா."

"வீட்ல யாரும் இல்லையா?"

"எல்லாரும் இருக்காங்க. நல்லா இருக்காங்க."

"ஐயோ பாவம்" என்பது போல அவர் தலையை ஆட்டினார். "பயப்படாதீங்க. நான் இதுல எல்லாம் நிறைய ஏறியிருக்கேன். கண்ணைத் திறந்து வச்சுக்குங்க, அதான் ட்ரிக்."

டவர் ஏறத் தொடங்கியது. பாதி உயரத்தில் அவர் பேச்சு நின்றது. முக்கால் உயரத்தில் அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. உச்சியில் நின்றபோது நகரம் முழுக்கக் கீழே தெரிந்தது. தான் தினமும் சுற்றும் ரிங் ரோடு எங்கே என்று அக்கா தேடிக்கொண்டிருக்கையில், அவள் இடது கையை ஏதோ கவ்வியது. மேனேஜரின் கை. கண்களை இறுக்கி மூடியிருந்தார்.

"சார், கைய விடுங்க" என்றாள்.

அதற்குள் விழுந்துவிட்டது. கீழே வந்து நின்றபோதும் அவர் விடவில்லை. அக்கா விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. நாலு நகக்குறி, பிறை பிறையாக.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தாள். வெளியே காத்திருந்த தன் ஆட்களிடம் மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம், பக்கத்துல அந்தம்மா ரொம்பப் பயந்துட்டாங்கப்பா. நான்தான் கையப் புடிச்சுத் தைரியம் சொன்னேன்."

தன்னிடம் கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் கூத்தை அக்கா பெயர் சொல்லி யாரிடமும் சொன்னதில்லை. காருக்குள் நடந்தது காரோடு. ஆனால் இந்த ஆள் அவளுக்கு ஃபீஸ் கட்டியவர் அல்ல. நேரே போய் அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"சார், அடுத்த தடவை கம்பியைப் புடிங்க. அதுக்கு வலிக்காது."

மஞ்சள் சட்டைகள் அந்தக் கையைப் பார்த்தன. மேனேஜரைப் பார்த்தன. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சின்னவன் "உயிர் போயி உயிர் வந்துச்சு" என்று நின்றபோது, அவன் மனைவி ஓரமாக நின்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வளையல் அழுத்தியிருக்கும் என்று அக்கா நினைத்திருந்தாள். அவள் வளையலே போடுகிறவள் அல்ல. நடுவழியில் நின்று, "அடப்பாவி" என்றாள் அக்கா.

இனி பார்க்க ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று வாசல் பக்கம் வந்தவள் டேஷிங் கார் கூடாரத்தைப் பார்த்தாள். ரப்பர் வளையம் கட்டிய சின்னச் சின்னக் கார்கள். வழுவழுப்பான தரை. உள்ளே ஆட்கள் ஓட்டிய விதத்தைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஒருவனுக்கும் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மணி அடித்து அடுத்த ஆட்டத்துக்கு ஆள் எடுத்தபோது போய் ஒரு நீலக் காரில் ஏறினாள். குனிந்து காலடியைப் பார்த்தாள்.

விசில் ஊதும் ஆள், நடுவயதுக்காரர், பக்கத்தில் வந்தார். "என்னம்மா தேடுறீங்க?"

"பிரேக் எங்க?"

"இதுல பிரேக் கிடையாதும்மா. காலை எடுத்தா நின்னுடும்."

"என்ன வண்டி இது" என்றாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. அக்கா ஓட்டினாள். ஸ்டியரிங் தொளதொளவென்று இருந்தது, ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டு வளைவில் அதன் குணத்தைப் புரிந்துகொண்டாள். எல்லாப் பக்கத்திலிருந்தும் கார்கள் இடிக்க வந்தன. மஞ்சள் சட்டைக் கூட்டமும் உள்ளே இருந்தது. அக்கா ஒதுங்கினாள், இடைவெளி விட்டாள், வழி கொடுத்தாள், இடுக்கில் புகுந்து வெளியே வந்தாள். ஒரு கார்கூட அவளைத் தொட முடியவில்லை. மணி அடித்தபோது, டிரைவிங் டெஸ்ட் முடித்த மாதிரி காரை ஓரத்தில் நேராக நிறுத்தினாள்.

விசில்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "அம்மா, இடிக்கணும்மா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அதுக்குத்தான் இது இருக்கு. நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போற மாதிரி ஓட்டிட்டுப் போறீங்க."

"இடிச்சா?"

"இடிச்சா ஒண்ணும் ஆகாது. அவங்களும் சிரிப்பாங்க, நீங்களும் சிரிப்பீங்க. நான் இருபது வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன், ஒருத்தர்கூட இடிக்காமப் போனதில்ல. இன்னொரு ரவுண்டு உக்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள். எதிரே மேனேஜர், தொப்பை ஸ்டியரிங்கில் முட்ட, ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தார். அவள் காலை அழுத்தினாள். பக்கவாட்டில் போய் நச்சென்று இடித்தாள்.

அந்த அதிர்ச்சி முதுகு வழியாக ஏறித் தலைக்குப் போனது. இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ இடிகளைத் தடுத்திருக்கிறாள். சுவர், மரம், மாடு, சைக்கிள்காரர், பள்ளிக்கூட வேன். ஒன்றைக்கூடத் தானாகப் போய் இடித்ததில்லை. இடிப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மறுபடி இடித்தாள். பிறகு ஒரு பச்சைக் காரை, பிறகு தூணோரம் பதுங்கியிருந்த ஒரு தாடிக்காரரை. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று புரிய அவளுக்கே கொஞ்ச நேரம் ஆனது. மஞ்சள் சட்டைப் பெண்கள் இரண்டு பேர் அவளோடு சேர்ந்துகொண்டு தங்கள் மேனேஜரை மூலைக்கு ஓட்டினார்கள். அவர்களுக்கும் பாக்கிக் கணக்கு ஏதோ இருந்தது போலிருக்கிறது.

இன்னும் மூன்று ரவுண்டு போனாள். கடைசியில் மேனேஜரே எப்படியோ அவளை வந்து இடித்துவிட்டு, "ஸாரி, ஸாரி" என்றார்.

"ஸாரி எதுக்கு? வளைவுல ஸ்டியரிங்கை விட்டுடறீங்க. அதான் சுத்துது."

வெளியே வந்ததும் அவர் பின்னாலேயே வந்தார். குரல் இறங்கியிருந்தது. "நீங்க டிரைவிங் சொல்லிக்கொடுக்கறவங்களா? எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. வீட்ல மனைவிதான் ஓட்டுவாங்க. உங்ககிட்ட வந்து கத்துக்கலாமா?"

அக்கா அவரை யோசனையோடு பார்த்தாள். "வேண்டாம் சார். எதிர்ல லாரி வந்தா நீங்க ஸ்டியரிங்கை விட்டுட்டு என் கையப் புடிப்பீங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் கணவர் கேட்டார், "எங்கேயோ போயிருந்த போல இருக்கே? ஷூ ஈரமா இருக்கு."

"தீம் பார்க்."

அவர் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். "எப்படி இருந்துச்சு?"

"வெட்டிச் செலவு. பாதி பேர் நடிக்கிறான், மீதி பேர் பொய் சொல்றான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வீட்டில் சாப்பாடு. விஷயம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது. "தனியாவா போன? யாராவது தனியா தீம் பார்க் போவாங்களாக்கா? சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல. அந்தப் பெரிய டவர்ல எல்லாம் பக்கத்துல ஒரு ஆள் தைரியத்துக்கு வேணும்" என்றான்.

"வேணும்தான்" என்றாள் அக்கா. பிறகு அவன் மனைவி பக்கம் திரும்பி, "உன் கை இப்ப எப்படி இருக்கும்மா?" என்று கேட்டாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒரு விநாடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இப்ப பரவாயில்ல அண்ணி. அஞ்சாறு நாள் வீங்கியிருந்துச்சு" என்றாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டு. அவள் தோள் குலுங்கியது. சின்னவன் அவசரமாக ஏ.சி. விலை ஏறப்போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அதற்குப் பிறகு எந்த விருந்திலும் அந்த ரோலர் கோஸ்டர் வளரவில்லை.

ஸ்கூல் கார் திரும்பி வந்தது. வங்கி மேலாளரும் திரும்பி வந்தார். அக்கா பழையபடி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மனுஷ ஜாதியைக் கரித்துக் கொட்டினாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வேலை இல்லாத காலை ஏதாவது கிடைத்தால், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறுவாள். மற்ற ராட்டினங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். நேரே டேஷிங் கார். விசில்காரர் அவளுக்காக நீலக் காரை ஒதுக்கிவைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஒரு தடவை அவள் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது கணவர் வாசலில் வந்து நின்றார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

அக்கா நாடாவை முடிந்துகொண்டே யோசித்தாள். "வேண்டாங்க" என்றாள். "உங்களை இடிக்க எனக்கு மனசு வராது. டிக்கெட் காசு தண்டம்."